அலோன் என்றால் யாரைக் கழிப்பது?

போன வருடம் ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். மொத்தம் பதினோரு பக்கம். சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். நாங்கள் ஆபீஸில் போடும் எஸ்டிமேட் மாதிரியேதான் ஆனது. மூன்று வாரம் இழுத்தது. அதில் பாதி நாட்களை மூன்றாவது பத்தியில் இருந்த ஒரே ஒரு வாக்கியம் தின்றது. கணவன் வேலைக்குக் கிளம்பிவிட்டான், பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள், வாசல் கதவு சாத்தப்படுகிறது. அடுத்த வாக்கியம்: ஷி வாஸ் அலோன்.

மூன்றே சொல். எல்.கே.ஜி. பிள்ளைக்கும் புரியும். நான் "அவள் தனிமையில் இருந்தாள்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். வரைவைப் படித்த நண்பர் அந்த இடத்தில் நிறுத்தி, "இந்தப் பொண்ணு இங்க சந்தோஷமால்ல இருக்கா? காலையிலேருந்து இப்பத்தான் மூச்சு விடுறா. நீ எதுக்கு அவளை அழ வைக்கிற?" என்று கேட்டார். மறுபடி பார்த்தேன். அவர் சொன்னது சரி. என் வாக்கியத்தில் அந்தப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மூலத்தில் அப்படி யாரும் நிற்கவில்லை. கதவைச் சாத்திய பிறகு வீட்டில் எத்தனை பேர் மிச்சம் என்பதை மட்டும்தான் மூலம் சொல்கிறது.

மாற்றி மாற்றி எழுதினேன். "அவள் தனித்திருந்தாள்" என்றால் புருஷனை விட்டு வந்துவிட்டவள் போல ஒலிக்கிறது, அல்லது தவம் செய்கிறவள் போல. "ஒற்றையாய் இருந்தாள்" என்றால் புதுக்கவிதை. "தனியாக இருந்தாள்" பரவாயில்லை, ஆனால் அதிலும் ஒரு 'ஐயோ பாவம்' ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு நாள் கழித்து நண்பரிடம் கைவிரித்தேன். "தமிழ்ல இதுக்கு வார்த்தை இல்லப்பா. இங்கிலீஷ்ல அலோன், லோன்லி, சாலிட்யூடுன்னு மூணு இருக்கு. நம்மகிட்ட தனிமைன்னு ஒண்ணுதான்."

இதை நீங்களும் கேட்டிருப்பீர்கள், ஒருவேளை சொல்லியும் இருப்பீர்கள். உடன் யாரும் இல்லாத நிலைக்கு ஒரு சொல், அது தரும் வலிக்கு ஒரு சொல், விரும்பித் தேர்ந்துகொண்டால் ஒரு சொல் என்று ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கிறது, தமிழ் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறது என்பது நம் தலைமுறை வாசகர்களிடம் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் அது உண்மை என்றே தோன்றியது. அதே மாதத்தில் வேறொரு காரணத்துக்காக அதே சொல்லை ஒரு படிவத்தில் எழுத வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் இந்த அலோனை உட்கார்ந்து பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். படிவத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சொல்லின் பிறப்பு எளிது. பழைய ஆங்கிலத்தில் 'ஆல்', 'ஒன்' என்று இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. முழுக்க ஒன்று, ஒன்றே ஒன்று என்று பொருள். 1300-ஐ ஒட்டி அவை ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகின்றன. ஜெர்மனில் 'அல்லைன்' என்பதும் இதே கட்டுமானம்தான். ஒன்று என்பதற்கான ஆங்கிலச் சொல்லை இன்று 'வன்' என்கிறோம். ஆனால் அலோன், ஓன்லி இரண்டிலும் பழைய 'ஓன்' உச்சரிப்பு அப்படியே உறைந்து கிடக்கிறது. ஆக, பிறப்பிலேயே இது ஓர் எண்ணுப்பெயர். உணர்ச்சியோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

பிறகு ஒரு கோளாறு நடந்தது. ஆல், ஒன் என்ற இரண்டு துண்டுகளை ஜனங்கள் மறந்துவிட்டார்கள். சொல்லின் தலையில் இருக்கும் 'அ' ஏதோ முன்னொட்டு என்று நினைத்து அதை வெட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தது 'லோன்'. (லோன் என்றதும் எனக்கு மாதம் ஐந்தாம் தேதி அக்கவுண்டிலிருந்து போகும் தொகைதான் நினைவுக்கு வருகிறது. அது வேறு லோன்.) சரத்தைத் தவறான இடத்தில் ஸ்ப்ளிட் செய்தால் வருமே, அந்த மாதிரிப் பிழை. அந்தப் பிழைக்கு வால் ஒட்டி 1600-ஐ ஒட்டி 'லோன்லி' வருகிறது. ஷேக்ஸ்பியரின் 'கோரியோலேனஸ்' நாடகத்தில் ஒரு டிராகனை இந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். டிராகனுக்கு மனக்கஷ்டம் என்று பொருள் இல்லை. சதுப்பு நிலத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது, அவ்வளவே. வெகுகாலம் லோன்லி என்பது பெரும்பாலும் ஆள் நடமாட்டமில்லாத பாதை, வீடு, மலை போன்றவற்றுக்கான சொல்லாக இருந்தது. மனிதனின் நெஞ்சுக்குள் அது வலியாக இறங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஃபே பவுண்ட் ஆல்பர்ட்டி என்ற வரலாற்றாசிரியர் 2019-இல் இதைப் பற்றி முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். 28 வருடம் தீவில் கிடந்த ராபின்சன் குரூசோ தன்னை ஓரிடத்திலும் லோன்லி என்று சொல்லிக்கொள்வதில்லை என்று அவர் சுட்டுகிறார். அந்த நாவல் 1719-இல் வந்தது. அப்போது அவனுக்கு அந்தச் சொல் கைவசம் இல்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இந்த வரலாற்றைவிட இலக்கணம் எனக்குச் சுவாரஸ்யமாக இருந்தது. ஆங்கிலத்தில் பெயரடை பெயருக்கு முன்னால் வந்து உட்காரும். ஹேப்பி வுமன், டால் வுமன். ஆனால் 'ஆன் அலோன் வுமன்' என்று சொல்ல முடியாது. அலோன் பெயருக்குப் பின்னால் மட்டுமே வரும். தூங்கிக்கொண்டிருப்பதைச் சொல்லும் அஸ்லீப், விழித்திருப்பதைச் சொல்லும் அவேக், உயிரோடிருப்பதைச் சொல்லும் அலைவ் ஆகியவற்றுக்கும் இதே விதி. பள்ளியில் இதை மனப்பாடம் செய்தேன். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது பார்க்கும்போது இப்படித் தோன்றுகிறது. இவையெல்லாம் ஆள் நுழைந்து வெளியேறும் நிலைகள். தூங்குகிறவனிடம் தூக்கம் ஒரு குணமாக இல்லை. அவன் இப்போது தூங்குகிறான், கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவான். அலோனும் அப்படித்தான். அந்தப் பெண்ணுக்கு முன்னால் அது ஒட்டாது. மதியம் மூன்றரைக்குப் பிள்ளைகள் வந்தால் போய்விடும். லோன்லியோ பெயருக்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ஆபீஸ் சாட்டில் நம் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப்புள்ளி இருக்குமே, அலோன் அந்த மாதிரி ஒரு ஸ்டேட்டஸ். லோன்லி என்பது ப்ரொஃபைல்.

என் மொழிபெயர்ப்பில் நான் செய்த தவறு இதுதான். ஸ்டேட்டஸை ப்ரொஃபைலாக மாற்றிவிட்டேன்.

இன்னொரு விஷயம். அலோன் என்றால் ஒருவர் என்று அர்த்தமும் இல்லை. இரண்டு பேர் அலோனாக இருக்கலாம். சினிமாவில் காதலர்கள் "கடைசியில் நாம் அலோன்" என்று சொல்லிக்கொள்வார்கள். ராபர்ட் புட்னம் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1995-இல் 'பௌலிங் அலோன்' என்று ஒரு கட்டுரை எழுதி, 2000-இல் அதையே பெரிய நூலாக்கினார். தலைப்பைப் படித்தால் ஓர் ஆள் பந்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உருட்டுகிறான் என்று தோன்றும். அவர் சொன்னது அதுவல்ல. 1980-க்கும் 1993-க்கும் நடுவில் அமெரிக்காவில் பௌலிங் ஆடுகிறவர்கள் 10 சதவீதம் கூடியிருக்கிறார்கள். ஆனால் லீக் என்னும் குழுக்களில் சேர்ந்து ஆடுவது 40 சதவீதம் குறைந்திருக்கிறது. ஜனங்கள் குடும்பத்தோடும் நண்பர்களோடும்தான் போய் ஆடினார்கள். குழுவில் இல்லை என்பதற்காக அவர்கள் எல்லோரும் அலோன் ஆகிவிட்டார்கள். புட்னம் தேடிய ஆட்கள் அங்கே இல்லை. அவர் தேடாத அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

எனவே அலோன் என்பதன் பொருள் 'ஒருவர்' இல்லை. 'மற்றவர்கள் பூஜ்யம்' என்பதுதான் அதன் பொருள். கோடாக எழுதினால், மற்றவர்கள் என்ற பட்டியலின் நீளம் பூஜ்யமா என்று ஒரு சோதனை. சோதனை சரியாகத்தான் இருக்கும். வழக்கம்போலப் பிழை வேறிடத்தில் இருக்கும். அந்தப் பட்டியலில் யார் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்தவர் யார்?

இந்தக் கேள்வியோடு வேர்ட்ஸ்வொர்த்தின் 'டாஃபடில்ஸ்' கவிதைக்குத் திரும்பிப் போனேன். நம்மில் பலருக்குப் பள்ளியில் அறிமுகமான முதல் 'லோன்லி' அதுதான். தலைப்பாகப் புழங்கும் முதல் வரியிலேயே அந்தச் சொல் இருக்கிறது. மேகத்தைப் போலக் கவிஞர் தன்னந்தனியாக அலைகிறார், ஏரிக்கரையில் மஞ்சள் மலர்க்கூட்டத்தைப் பார்க்கிறார். கவிஞர் சோகமாக இருந்தார், மலர்கள் அவரைத் தேற்றின என்று எங்களுக்கு நோட்ஸ் கொடுத்தார்கள். பரீட்சையில் அப்படியே எழுதி ஐந்துக்கு நாலரை வாங்கியிருக்கிறேன். கவிதை 1807-இல் அச்சானது. லோன்லிக்குள் வலி அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. மேகத்துக்குச் சொல்லும்போது அது பெரும்பாலும் பழைய டிராகன் பொருளில்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன். சோகம் நோட்ஸ் போட்டவருடையது.

ஆனால் உண்மையான சிக்கல் வேறு. அந்த மலர்களைப் பார்த்த நாள் தெரியும். 1802 ஏப்ரல் 15. இடமும் தெரியும். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரை. இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அன்றைக்கு அவரோடு நடந்துகொண்டிருந்த தங்கை டோரதி அதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருப்பதுதான். காற்றில் மலர்கள் ஆடியதை, சில மலர்கள் களைத்துப்போனவை போலக் கல்லின்மேல் தலை சாய்த்திருந்ததை எல்லாம் டோரதி எழுதுகிறார். அந்த உரைநடை கவிதையைவிட எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் 'நாங்கள்' என்று வருகிறது. இரண்டு வருடம் கழித்து அண்ணன் எழுதும்போது 'நாங்கள்' போய் 'நான்' வந்துவிட்டது. பக்கத்தில் நடந்தவள் கழிக்கப்பட்டுவிட்டாள். இது போதாதென்று, கவிதையின் முடிவில் அகக்கண் பற்றி வரும் இரண்டு வரிகள், எல்லோரும் மேற்கோள் காட்டும் வரிகள், மனைவி மேரி கொடுத்தவை. இதை வேர்ட்ஸ்வொர்த்தே ஒப்புக்கொண்டிருக்கிறார். தங்கை பார்த்ததையும் மனைவியின் வரிகளையும் வைத்துக்கொண்டு எழுதிய கவிதையில் கவிஞர் தன்னந்தனி. மலர்களைப் பத்தாயிரம் என்று எண்ணத் தெரிந்தவருக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றை எண்ண முடியவில்லை.

இதை வைத்துக் கவிஞரைக் கூண்டில் ஏற்ற எனக்கு விருப்பம் இல்லை. இணையத்தில் அப்படிச் சிலர் செய்கிறார்கள், செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அனுபவம் ஒரு மனத்துக்குள் மட்டும் நடக்கிறது என்று கவிதை சொல்ல விரும்பினால் அதற்கு 'நான்' தேவைதான். நான் சொல்வது வாசிப்பைப் பற்றி. அந்தச் சொல்லைப் பார்க்கும்போது மனநிலையைத் தேடிப் போகிறோம். ஆள் எண்ணிக்கையைச் சரிபார்ப்பதில்லை.

எண்ணிக்கையைச் சரிபார்க்கக் கற்றுக்கொடுத்தவர் தோரோ. 'வால்டன்' நூலின் தொடக்கத்திலேயே, அண்டை வீட்டுக்கு ஒரு மைல் தொலைவில், காட்டில், அலோனாக வாழ்ந்தேன் என்று அறிவித்துவிடுகிறார். 1845 ஜூலை 4 தொடங்கி இரண்டு வருடம் இரண்டு மாதம். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் நிலம் வாங்கும் நண்பர்கள் எல்லோருடைய அலமாரியிலும் இந்தப் புத்தகம் இருக்கும். இதற்குப் பதிலடியாக, அவர் அழுக்குத் துணியை அம்மாதான் துவைத்துக் கொடுத்தார் என்ற கேலியும் இணையத்தில் சுற்றும். கேலி செய்கிறவர்கள் புத்தகத்தைக் கடைசி வரை படித்திருந்தால் அதைவிடப் பெரிய விஷயம் கிடைத்திருக்கும். அதை எழுதி வைத்திருப்பவர் தோரோவேதான். நிலம் எமர்சனுடையது. வீட்டுச் சட்டத்தைத் தூக்கி நிறுத்தத் தெரிந்தவர்கள் வந்தார்கள். சுவருக்கான பலகைகளை ஜேம்ஸ் காலின்ஸ் என்ற அயர்லாந்துக்காரரிடம் வாங்கினார். ரயில் பாதை போடும் வேலைக்கு வந்தவர் அவர். தன் குடும்பம் இருந்த குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு விற்றார். தோரோ அதைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய் ஆணி அடித்தார். ஏரியின் ஓரமாக ரயில் போகும். ஒரே சமயத்தில் 25, 30 பேர்கூட அந்த ஒற்றை அறைக்குள் இருந்திருக்கிறார்கள். நூலில் 'சாலிட்யூட்' என்ற அத்தியாயத்துக்கு அடுத்த அத்தியாயத்தின் பெயரே 'விருந்தினர்கள்'.

இன்னும் தள்ளிப் போனால், அந்தக் காட்டில் தனக்கு முன் குடியிருந்தவர்களைப் பற்றி ஓர் அத்தியாயம் வருகிறது. கேட்டோ, சில்ஃபா, பிரிஸ்டர் ஃப்ரீமேன் என்று பெயர் சொல்லி எழுதுகிறார். அடிமை வாழ்க்கையின் தழும்போடு ஊருக்கு வெளியே ஒதுங்கியவர்கள். ஊரில் இடம் கிடைக்காததால் காட்டோரம் போனவர்கள். இவர் போகும்போது அவர்களுடைய வீடு இருந்த இடத்தில் குழி மட்டும்தான் மிச்சம். இவர் தேர்ந்துகொண்ட அதே காட்டுக்கு அவர்கள் தள்ளப்பட்டார்கள். முதல் பக்கத்தில் அலோன் என்று எழுதிய அதே கை பின்னால் இவ்வளவு பேரையும் எண்ணுகிறது. எனக்கு தோரோவைப் பிடிப்பது இதனால்தான். முதல் பக்கத்துத் தோரோவை மட்டும் எடுத்து காஃபி கோப்பையில் அச்சடித்துவிட்டோம்.

உண்மையிலேயே பூஜ்யம் என்று சொல்லத்தக்க ஆட்களும் உண்டு. மைக்கேல் காலின்ஸ். (மேலே வந்த காலின்ஸுக்கு உறவில்லை.) 1969 ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கியபோது மேலே கலத்தில் சுற்றிக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு சுற்றிலும் நிலவின் மறுபக்கம் போகும்போது சுமார் 48 நிமிடம் பூமியோடு வானொலித் தொடர்பும் கிடையாது. பத்திரிகைகள் அவரை உலகத்திலேயே லோன்லியான மனிதர் என்று எழுதின. பேட்டிக்குப் பேட்டி அதே கேள்வி. அவர் சலிக்காமல் மறுத்தார். 1974-இல் வந்த தன் நூலில் அலோன் என்ற சொல்லை அவர் தயங்காமல் பயன்படுத்துகிறார். அந்தப் பக்கம் மூன்று நூறு கோடிச் சொச்சம் பேரும் நிலவில் இரண்டு பேரும், இந்தப் பக்கம் ஒருவன் என்று எண்ணியே காட்டுகிறார். ஆனால் பயமோ லோன்லினஸோ இல்லை, நிறைவாக இருந்தது என்கிறார். அலோனுக்கும் லோன்லிக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை இதைவிடத் துப்புரவாக யாரும் அளந்து காட்டியதில்லை.

நடிகை கிரேட்டா கார்போ கதையும் இதே ஊர்தான். 1932-இல் வந்த 'கிராண்ட் ஹோட்டல்' படத்தில் தான் அலோனாக இருக்க வேண்டும் என்று அவர் பேசிய வசனம் அவர் முதுகில் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் அவர் திருத்தினார். அது தன் சொந்த வார்த்தை இல்லை, தன்னை அலோனாக விட்டுவிடச் சொல்லித்தான் கேட்டேன், இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் என்றார். இருக்கிறது. முதலாவது தன் நிலையைப் பற்றியது, இரண்டாவது மற்றவர்கள் என்ன செய்யக் கூடாது என்பதைப் பற்றியது. நம் ஓ.டி.டி. சப்டைட்டில்களில் இது எப்படி வருகிறது தெரியுமா? "என்னைத் தனியாக விடு." தமிழ்நாட்டில் யாராவது கோபத்தில் இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? "சும்மா விடு", "என்னை விட்டுருங்க", "கொஞ்ச நேரம் பேசாம இரு" என்றுதான் சொல்வோம். அலோன் என்ற இடத்தில் 'தனி'யை ஒட்டவைக்கும் பழக்கம் நமக்கு அகராதியிலிருந்து வந்தது.

சரி, தனி. இந்தச் சொல்லை நான் ரொம்பக் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். தமிழில் தனி என்பதற்கு ஆள் எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை. தனிக்குடித்தனம் போகக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். "உங்ககிட்ட தனியா பேசணும்" என்றாலும் இரண்டு பேர். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் விடும்போது மிருதங்கமும் கடமும் சேர்ந்துதான் வாசிக்கும். பாடகர் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருப்பார். 2020-இல் வாசல்களில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். உள்ளே ஒரே ஹாலில் ஐந்து பேர் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தோம். தனி என்பது ஒரு பெரிய கூட்டத்திலிருந்து பிரிந்து நிற்பது. எதிலிருந்து பிரிந்தது என்று அந்தச் சொல் எப்போதும் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். 'ஐயோ பாவம்' அதில் ஒட்டியிருப்பதற்கு அதுதான் காரணம். ஆங்கிலச் சொல் எண்ணுகிறது. தமிழ்ச் சொல் பிரிகிறது. இரண்டும் ஒரே இடத்தைச் சுட்டும்போதுகூட வேறு வேறு பாதையில் வந்து சேர்கின்றன.

இதைக் குறை என்று சொல்லும் முன் ஸ்பானிய மொழியைப் பாருங்கள். மார்க்கேஸ் 1967-இல் எழுதிய நாவலின் தலைப்பில் இருக்கும் 'சொலெதாத்' நம் தனிமை மாதிரியேதான். வலியும் அதற்குள், நிறைவும் அதற்குள். அதை 1970-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த கிரிகரி ரபாஸாவுக்குத்தான் திண்டாட்டம். மூன்றாகப் பிரித்து வைத்திருக்கும் மொழியில் ஒன்றை எடுத்தால் மற்றது போய்விடும். கொஞ்சம் அகலமானது, வலியின் விதையும் அதற்குள் இருக்க முடியும் என்று சாலிட்யூடை எடுத்தார். 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்று தமிழில் வந்தபோது அந்தத் தலைப்புக்கு அப்படி எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே டப்பா என்று நான் நக்கலடித்தது அங்கே உதவியாகத்தான் இருந்திருக்கிறது.

என் வாக்கியத்துக்கு வருகிறேன். அதற்கான சொல் கடைசியில் ஒரு மளிகைக்கடையில் கிடைத்தது. பெங்களூரில் நான் குடியிருக்கும் தெருமுனையில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். எப்போதும் அண்ணன் தம்பி இரண்டு பேர் நிற்பார்கள். அன்று ஒருவர்தான். "என்னண்ணே, தம்பி இல்லையா?" என்றேன். "ஊருக்குப் போயிருக்கான். நான் மட்டுந்தான்" என்றார். பையைக்கூட வாங்காமல் நின்றுவிட்டேன். சோகம் இல்லை, சந்தோஷமும் இல்லை. கடையில் எத்தனை பேர் என்ற தகவல். ஷி வாஸ் அலோன் என்றால் அவள் மட்டும் இருந்தாள். அவ்வளவுதான் விஷயம்.

ஆங்கிலத்திலேயே 'ஹி அலோன்' என்றால் அவன் மட்டும் என்று பொருள். அதுவும் இதே சொல்தான். அதை எத்தனையோ முறை படித்தும் எனக்குப் பொறி தட்டவில்லை. மட்டு என்றால் அளவு, எல்லை. இதுவரைக்கும்தான், இதற்கு மேல் இல்லை. ஆல், ஒன் என்ற பழைய எண்ணுக்கு இதைவிட நெருங்கிய சொந்தக்காரன் தமிழில் கிடையாது. ஆனால் அது பெயரடை இல்லை. அகராதியில் பெயரடைக்குப் பெயரடை தேடுகிறவன் கண்ணில் படாது. வார்த்தை இல்லை என்று நான் கைவிரித்ததற்கு நான் தேடிய அலமாரிதான் காரணம். "கதவு சாத்தப்பட்டது. வீட்டில் அவள் மட்டும் இருந்தாள்." நண்பர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். எடிட்டிங்கில் அதுதான் பாராட்டு.

இனி அந்தப் படிவம். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. அம்மா கோவில்பட்டி வீட்டில் இருக்கிறாள். மாதத்தில் ஒரு வாரம் அங்கிருந்தபடியே வேலை பார்க்க அனுமதி கேட்டு ஆபீஸில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. காரணம் என்ற கட்டத்தில், என் அம்மா அலோனாக வசிக்கிறார் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். கை நடுங்கவில்லை. இதையே ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா, "அம்மா எங்க இருக்கா?" என்று கேட்டபோது, "அங்கதான் பெரியப்பா, தனியா..." என்று ஆரம்பித்துவிட்டு முடிக்க முடியாமல் "சாப்பிட்டீங்களா?" என்று பேச்சை மாற்றினேன். ஒரே தகவல். ஆங்கிலத்தில் அது எண்ணிக்கை. தமிழில் சொல்லும்போது அவளைப் பிரித்து வைத்தவன் நான் என்று ஆகிவிடுகிறது. அந்த மொழிபெயர்ப்பில் இரண்டு வாரம் நான் மல்லுக்கட்டியது யாருக்காக என்று இப்போது எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

அனுமதி கிடைத்ததும் போனில் சொன்னேன். அம்மாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் கேட்டாள், "என்னன்னு எழுதிக் கொடுத்தய்யா?"

"நீ தனியா இருக்கேன்னு."

"தனியாவா? யாரு சொன்னா? மாடி வீட்டுப் பிள்ளை ஸ்கூல் விட்டு வந்தா இங்கனதான் உக்காந்து எழுதுது. அவ அம்மா வர ஏழு மணி ஆகும். எதுத்த வீட்டு டீச்சர் காலைல கோலம் போடும்போது ஆரம்பிச்சான்னா எட்டு மணி வரைக்கும் வாய் ஓயாது. பால்காரரு, தண்ணிக்கார அண்ணாச்சி, பூக்காரம்மா. அந்தப் பூனை வேற குட்டி போட்டுருக்கு. நாலு. ஆபீஸ்ல போயி இப்பிடி எழுதிக் கொடுத்திருக்கியே, அவங்க என்ன நினைப்பாங்க?"

நான் கழித்தவர்களை எல்லாம் அவள் ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"ராத்திரி மட்டும் ஒரு மாதிரி இருக்கும்ய்யா. டிவியை சத்தத்தைக் குறைச்சு ஓட விட்டுட்டுப் படுத்துருவேன்."

எந்த சேனல் என்று கேட்டேன். செய்தி சேனல்தான், அதில்தான் ஆள் மாறி மாறிப் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்றாள்.